‘லேட்’ படுத்தும் பாடு

பழைய மாணவர் சங்கம் ஒன்று ஓய்வுபெற்ற தங்கள் அதிபருக்குப் பாராட்டு விழா எடுத்தது. அழைப்பிதழின் தமிழ்ப் பக்கத்தை நான் பார்த்துக் கொடுத்தேன். ஆங்கிலப் பக்கம் வேறொருவர் கைவண்ணம். ‘முன்னாள் அதிபர்’ என்பதற்கு அவர் போட்டிருந்தது ‘த லேட் பிரின்சிபல்’. அச்சாகி, முதல் அழைப்பிதழே கல்லடியில் அதிபர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மனுஷன் ஆங்கிலம் படிப்பித்து அதிபரானவர். அந்தச் சொல்லைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, ஓரத்தில் “மனே, நான் இன்னும் போகல்ல” என்று எழுதித் திருப்பி அனுப்பினார்.

ஆளின் பெயருக்கோ பதவிக்கோ உறவுமுறைக்கோ முன்னால் ‘லேட்’ வந்தால் ஆள் உயிரோடு இல்லை. நம் மரண அறிவித்தல்களில் ‘காலஞ்சென்ற’ என்றும் ‘அமரர்’ என்றும், கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்து முஸ்லிம் ஊர்களில் ‘மர்ஹூம்’ என்றும் போடுகிறோமே, அந்த இடம் அது. பதவியில் இருந்து இறங்கியவருக்கு ‘ஃபோமர்’ என்று ஒரு சொல் இருக்கிறது. விவாகரத்தான கணவர் ‘எக்ஸ் ஹஸ்பண்ட்’. அவரைப் படிவத்தில் ‘லேட் ஹஸ்பண்ட்’ என்று எழுதினால் கந்தோரில் இறப்புச் சான்றிதழ் கேட்பார்கள், பிறகு விளக்கம் சொல்லி முடியாது.

ஆனால் அதே சொல் வினைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தால் உயிர் திரும்பிவிடும். ‘த பிரின்சிபல் இஸ் லேட்’ என்றால் அதிபர் சுணங்கிவிட்டார், அவ்வளவுதான். விழாவன்று அதுவும் நடந்தது. பிரதம விருந்தினர் அரை மணித்தியாலம் பிந்தி வந்தார். அப்போது மேடைக்குப் பின்னால் யாரோ ‘த சீஃப் கெஸ்ட் இஸ் லேட்’ என்று சொல்ல, அழைப்பிதழ் எழுதியவர் மட்டும் சிரிக்கவில்லை.

இன்னொன்று. இறந்தவர் எல்லாருக்கும் இந்த ‘லேட்’ பொருந்தாது. காரைதீவில் 1892இல் பிறந்து 1947இல் மறைந்த சுவாமி விபுலாநந்தரை இன்றைக்கு ‘த லேட்’ என்று எழுதினால் காதில் இடிக்கும். அண்மைக் காலத்தில் மறைந்தவர்களுக்கே அது. ‘காலஞ்சென்ற திருவள்ளுவர்’ என்று நாமும் சொல்வதில்லையே.

நம்மிடம் ஏன் இவ்வளவு குழப்பம் என்று யோசித்தால், ‘லேட்’டை நாம் கடன் வாங்கித் தமிழாக்கிவிட்டோம். ‘லேட்டுக்கு என்ன காரணம்?’ என்று அதிபர் கேட்கும்போது அது நல்ல தமிழ்ப் பெயர்ச்சொல், வேற்றுமை உருபெல்லாம் ஏற்கிறது. அதே நினைப்போடு பிள்ளை ஆங்கிலத்துக்குப் போய் ‘சொரி ஃபோர் த லேட்’ என்கிறது. அங்கே ‘லேட்’ பெயர்ச்சொல் இல்லை. ‘சொரி, ஐ ஆம் லேட்’ என்றோ ‘சொரி ஃபோர் த டிலே’ என்றோ சொல்ல வேண்டும். ‘பஸ் லேட்டட்’ என்பதும் இந்தக் குடும்பம்தான். ‘த பஸ் வோஸ் லேட்’ போதும்.

‘ஸ்லோ’வுக்கு ‘ஸ்லோலி’ இருப்பதால் ‘லேட்’டுக்கு ‘லேட்லி’ என்று கணக்குப் போடுகிறவர்களும் உண்டு. ‘லேட்லி’ என்றால் ‘அண்மைக் காலமாக’. பிந்தி வந்தவனுக்கும் ‘ஹீ கேம் லேட்’தான்.

‘டூ’வையும் ‘வெரி’யையும் நம்மில் பலர் ஒன்றாகவே பாவிக்கிறோம். ‘லேட்’டோடு சேரும்போது அது ஆளை அலைய வைக்கும். மட்டக்களப்பு ஸ்டேஷனில் உதயதேவி ரயிலில் ஏறக் காத்திருக்கும் ஒருவருக்கு ‘வெரி லேட்’ என்று மெசேஜ் வந்தால், இன்னொரு பிளேன்டீ குடித்துக்கொண்டு இருக்கலாம். ‘டூ லேட்’ என்றால் இனிப் பயனில்லை, வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். என்னுடைய சொந்தக்காரர் ஒருவர், ஆஸ்பத்திரியில் இருந்த தகப்பனைப் பார்க்க டொக்டர் நேரம் கழித்து வந்ததைக் கொழும்பில் உள்ள மகனுக்கு ‘டொக்டர் கேம் டூ லேட்’ என்று எழுதிவிட்டார். பேரன் அழுதுகொண்டே பஸ் ஏறிவிட்டான். கிழவர் கட்டிலில் இருந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

‘லேட் நைன்டீஸ்’ என்றால் 1990களின் கடைசிப் பகுதி. ‘லேட் ஃபோட்டீஸ்’ என்று வயதைச் சொன்னால் 47, 48, 49. இங்கே யாரும் சுணங்கவுமில்லை, சாகவுமில்லை.

அப்புறம், பிந்தினால் நாலு மணிக்குள் என்பதற்கு ‘லேட்டஸ்ட் பை ஃபோ பி.எம்.’ என்று நோட்டீஸ் ஒட்டுவது நம் பக்கத்துப் பழக்கம். ஊருக்குள் விளங்கும். வெளியே அனுப்பும் கடிதத்தில் ‘பை ஃபோ பி.எம். அட் த லேட்டஸ்ட்’ என்று எழுதுங்கள். ‘லேட்டஸ்ட்’டையும் ‘லாஸ்ட்’டையும் மாற்றிப் போடுவதும் வில்லங்கம்தான். புதிதாகப் புத்தகம் போட்ட நண்பரிடம் ‘யுவர் லேட்டஸ்ட் புக்’ என்றால் சந்தோஷப்படுவார். ‘யுவர் லாஸ்ட் புக்’ என்றால், இனி எழுதாதே என்கிறானோ என்று ஒருமுறை உங்களை ஏறிட்டுப் பார்ப்பார்.