முதல் கேமரா வாங்குமுன்: லென்ஸுக்குக் காசு மிச்சம் வையுங்கள்

பொழுதுபோக்காகப் படம் எடுக்க நினைப்பவர்கள் பலர் கையில் உள்ள பணம் மொத்தத்தையும் கேமரா பாடியில் (லென்ஸ் இல்லாத உடல் பகுதி) போட்டுவிட்டு, அதோடு வரும் கிட் லென்ஸோடு நின்றுவிடுகிறார்கள். ஒதுக்கிய தொகையில் பாதிக்கு மேல் பாடிக்குப் போகக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி லென்ஸுக்கும், உபரி பேட்டரிக்கும், மெமரி கார்டுக்கும். புது கேமரா இந்தக் கணக்கில் அடங்காவிட்டால் தயங்காமல் பழைய மாடலை செகண்ட் ஹேண்டில் வாங்கலாம். 2014-ல் வந்த சோனி ஏ6000, 2015-ல் வந்த நிக்கான் டி7200 இரண்டுமே 24 மெகாபிக்சல். ஏ4 தாளில் தரமாக அச்சடிக்க 9 மெகாபிக்சலுக்கும் குறைவாகவே போதும், 4கே திரையை நிரப்ப 8.3 போதும். பழைய கேமராக்கள் பின்தங்குவது வீடியோவிலும், ஓடியாடும் ஆட்களின் கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஆட்டோஃபோகஸிலும்தான். குழந்தைகளையோ விளையாட்டையோ எடுக்கப் போகிறவர்கள் மட்டும் இதை யோசிக்க வேண்டும்.

மெகாபிக்சலைவிட, ஒளியைப் படமாக மாற்றும் சென்சாரின் அளவைக் கேளுங்கள். மேலே சொன்ன இரண்டு கேமராக்களிலும் உள்ள ஏபிஎஸ்-சி சென்சார் சுமார் 23.6 × 15.6 மி.மீ. (கேனானில் சற்றுச் சிறியது). ஒலிம்பஸ், பானசோனிக் கேமராக்களில் வரும் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3 × 13 மி.மீ. ஐம்பது மடங்கு ஜூம் என்று விற்கும் கேமராக்களில் இருப்பது பெரும்பாலும் 6.2 × 4.6 மி.மீ. மட்டுமே, பரப்பளவில் ஏபிஎஸ்-சியில் ஏறக்குறைய பதின்மூன்றில் ஒரு பங்குதான். நிலாவையும், பட்டப்பகலில் தூரத்துப் பறவையையும் எடுக்க அது உதவும். பொழுது சாய்ந்தால் படம் புள்ளி புள்ளியாகிவிடும்.

கேள்விப்படாத பெயரில் ‘48 மெகாபிக்சல், 4கே, 16 மடங்கு டிஜிட்டல் ஜூம்’ என்று மலிவாக வரும் கேமராக்களைத் தொடவே வேண்டாம். அவற்றில் இருப்பது மிகச் சிறிய சென்சார். எடுத்த படத்தை மென்பொருள் ஊதிப் பெரிதாக்கித்தான் 48 என்று எழுதுகிறார்கள். சென்சார் அளவு, ஆப்டிகல் ஜூம் (லென்ஸே நெருக்கிக் காட்டுவது), ரா ஃபைல் வசதி (சென்சார் பதிந்ததை அப்படியே சேமிப்பது) இந்த மூன்றைப் பற்றியும் விவரக்குறிப்பில் ஒரு வரிகூட இல்லையென்றால் அது அந்த ரகம்தான்.

அடுத்தது மவுன்ட், அதாவது லென்ஸ் பாடியில் பூட்டும் அமைப்பு. பாடி சில வருடங்களில் மாறும், லென்ஸ் கூடவே வரும் என்பதால் இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். கேனான் ஏபிஎஸ்-சி டிஎஸ்எல்ஆர்களில் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி உள்ள கேமராக்கள்) 1987 முதல் வந்த இஎஃப் லென்ஸ்கள் எல்லாம் பொருந்தும், பழைய சந்தையில் அவை ஏராளம். அதே கேனானின் இஎஃப்-எம் மவுன்ட் நின்றுபோனது. அந்த லென்ஸ்கள் புதிய ஆர் வரிசை பாடிகளில் ஏறாது. நிக்கானில் டி3000, டி5000 வரிசைகளுக்கு உள்ளே ஃபோகஸ் மோட்டார் கிடையாது. சொந்த மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸை மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். டி7000 வரிசையில் மோட்டார் உண்டு. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் ஒலிம்பஸ் லென்ஸ் பானசோனிக்கிலும் ஏறும், பெரும்பாலும் கைக்கடக்கம். டிஎஸ்எல்ஆர் லென்ஸை அடாப்டர் போட்டு, அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவில் மாட்டலாம். கேனான் இஎஃப் மவுன்டிலிருந்து சென்சாருக்கு 44 மி.மீ., சோனி இ மவுன்டிலிருந்து 18 மி.மீ. என்பதால் நடுவே அடாப்டருக்கு இடம் கிடைக்கிறது. மிரர்லெஸ் லென்ஸை டிஎஸ்எல்ஆரில் மாட்ட அந்த இடம் இல்லை.

முதலில் வாங்க வேண்டிய லென்ஸ், ஏபிஎஸ்-சிக்கு 35 மி.மீ. எஃப் 1.8, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸுக்கு 25 மி.மீ. எஃப் 1.8. எஃப் எண் சிறிதானால் லென்ஸின் திறப்பு பெரிது. கிட் லென்ஸ் 55 மி.மீ.யில் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. எஃப் 1.8 அதைவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். அங்கே 1/6 நொடி கேட்டு ஆடிப்போகும் படம், இங்கே 1/60 நொடியில் நிற்கும். பூ, பூச்சி எடுக்க ஆசைப்படுபவர்கள் மேக்ரோ லென்ஸுக்கு முன், பாடிக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும் எக்ஸ்டென்ஷன் டியூப் வாங்கிப் பார்க்கலாம். அதில் மின் இணைப்புப் புள்ளிகள் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத டியூபில் கேனான் இஎஃப் லென்ஸின் அப்பர்ச்சரை (ஒளி நுழையும் திறப்பை) மாற்ற முடியாது.

செகண்ட் ஹேண்டில் பார்க்கும்போது

சொந்தமாக ஒரு மெமரி கார்டும் சிறு டார்ச்சும் எடுத்துச் செல்லுங்கள். பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

லென்ஸின் இரண்டு மூடிகளையும் கழற்றி, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் பாருங்கள். சிலந்தி நூல் போலக் கிளைத்திருந்தால் பூஞ்சை, வேண்டாம். வெண்படலம் தெரிந்தால் அதுவும் வேண்டாம், படத்தின் கான்ட்ராஸ்டைத் தின்றுவிடும். உள்ளே நாலைந்து தூசி இருப்பது சகஜம், பேரத்துக்குக் கூட ஆகாது. முன் கண்ணாடியின் மெல்லிய கீறல் படத்தில் தெரிவது அபூர்வம், பின் கண்ணாடியின் கீறல் தெரியும். அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய்ப் பசை மினுங்கினால் அவை ஒட்டிக்கொண்டு மெதுவாக மூடும், படம் தேவைக்கு மேல் வெளுத்து வரும்.

சென்சாருக்கு: அப்பர்ச்சர் பிரையாரிட்டியில் (எஃப் எண்ணை நாம் வைக்க, ஷட்டர் வேகத்தைக் கேமராவே பார்த்துக்கொள்ளும் முறை) எஃப் 16, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100 வைத்து, ஃபோகஸைக் கையால் கலைத்து, வெள்ளைச் சுவரைப் படமெடுங்கள். எடுக்கும்போது கேமராவைச் சற்று அசைத்தால் சுவரின் சொரசொரப்பு கலங்கிவிடும், சென்சாரில் உள்ள தூசி மட்டும் கரும்புள்ளியாக நிற்கும். கைப்பம்பால் காற்றடித்துப் போனால் கவலையில்லை. எந்தப் படத்திலும் அதே இடத்தில் கோடாக நின்றால் கீறல். வாயால் ஊதவே கூடாது, எச்சில் தெறிக்கும். பிறகு லென்ஸை மூடி, புள்ளிகளைத் தானே அழிக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷனை அணைத்து, 30 நொடி ஷட்டரைத் திறந்து வைத்து ஒரு படம் எடுங்கள். சில வண்ணப் புள்ளிகள் இருக்கத்தான் செய்யும். வரிசையாகவோ கொத்தாகவோ இருந்தால் விட்டுவிடுங்கள்.

ஷட்டரை 1/4000 நொடியில் அதே சுவரில் பத்துப் பதினைந்து முறை தொடர்ச்சியாக அடியுங்கள். ஒரு ஓரம் இருண்டு வந்தால் ஷட்டர் திரை தேய்ந்திருக்கிறது. இதை ட்யூப் லைட், எல்இடி வெளிச்சத்தில் செய்தால் விளக்கின் துடிப்பே பட்டை பட்டையாக விழுந்து நல்ல கேமராவையும் கெட்டதாகக் காட்டும். எத்தனை முறை ஷட்டர் ஓடியது என்பது நிக்கானில் எடுத்த ஜேபெக் ஃபைலிலேயே பதிவாகியிருக்கும். கேனானில் பெரும்பாலும் தனி மென்பொருள் வேண்டும். ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர்களுக்குப் பொதுவாக ஒரு லட்சம் முறை, டி7200-க்கு ஒன்றரை லட்சம் முறை என்பது கணக்கு. அது உத்தரவாதம் அல்ல, விலை பேச உதவும் அளவுகோல்.

அச்சடித்த தாள் ஒன்றைச் சாய்த்து வைத்து, லென்ஸை முழுக்கத் திறந்து நடுவரியில் ஃபோகஸ் செய்து எடுங்கள். வேறு வரி தெளிவாக வந்தால் லைவ் வியூவில் (பின்திரையைப் பார்த்து எடுக்கும் முறை) திரும்ப எடுங்கள். அங்கே சரியாக வந்தால் டிஎஸ்எல்ஆரின் தனி ஃபோகஸ் பகுதி விலகியிருக்கிறது. டி7200 போன்றவற்றில் மெனுவிலேயே திருத்தலாம், ஆரம்பநிலை மாடல்களில் அந்த வசதி பெரும்பாலும் இருக்காது.

கடைசியாக, பேட்டரி அறையில் பச்சைக் களிம்பு, உப்பிய பேட்டரி, சுழற்றும்போது எண்களைத் தாண்டித் தாவும் டயல் இவற்றைப் பாருங்கள். கேனான் 250டி வாங்குபவர்கள் கவனிக்க: அதன் ஹாட் ஷூவில் (மேலே ஃபிளாஷ் மாட்டும் இடம்) நடுப்புள்ளி இல்லை, நடுப்புள்ளியை மட்டும் நம்பும் சாதாரண ஃபிளாஷ் எரியாது, ஃபிளாஷைத் தூரத்திலிருந்து இயக்கும் டிரிக்கரும் வேலை செய்யாது.

பேட்டரி, டி7200-ல் ஒரு சார்ஜுக்கு 1,100 படம் வரை தரும். ஏ6000-ல் முந்நூற்றுச் சொச்சம்தான். அதனால் மிரர்லெஸ்ஸுக்கு இரண்டாவது பேட்டரியும் சேர்த்தே விலை பேசுங்கள். கார்டு வாங்கியதும் ஒருமுறை முழுக்க நிரப்பி, எல்லா ஃபைல்களும் திறக்கின்றனவா என்று கணினியில் பாருங்கள். போலிக் கார்டுகள் பாதி நிரம்பிய பிறகுதான் படத்தை விழுங்கும். ஈரப்பதமான இடத்தில் இருப்பவர்கள் தோல் பைக்குள் கேமராவை வைக்காமல், மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, ஜெல்லின் நிறம் மாறியதும் காயவைத்துத் திரும்பப் போடுங்கள்.