கரையில் பார்த்ததைப் பானைக்குள் கொண்டுவருவது எப்படி

ராமேஸ்வரத்துக்கு முந்தின ஊரான மண்டபம் பக்கம் பானை வனையச் சக்கரம் போட்டு உட்கார்ந்த நாளிலிருந்து, பார்க்க வருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: "இந்த டிசைனெல்லாம் எங்கே பிடிக்கிறீங்க?" கரையில்தான். ஆனால் சங்கு, நட்சத்திர மீன், பாம்பன் பாலம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் பானைமேல் வரைந்தால் அது கோயில் வாசல் கடையில் தொங்கும் சாமானாகத்தான் வரும். ஒன்றைப் பார்த்ததும் 'இது எப்படி இருக்கிறது' என்று கேட்காதீர்கள், 'இது எப்படி இப்படி ஆனது' என்று கேளுங்கள். அதற்குக் கிடைக்கும் பதிலைத்தான் மண்ணில் செய்ய முடியும்.

தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனைக்கு வெயில் ஏறுமுன் போங்கள், ஆள் கால் படாத மணலில் உட்காருங்கள். அலை அலையாக வரி இருக்கும். நான் முதலில் அதைச் சீப்பால் கீறிப் பார்த்தேன், உயிரே இல்லை. அப்புறம் முகத்தைத் தரையோடு வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, காற்று வரும் பக்கம் ஒவ்வொரு வரியும் மெல்லச் சரிந்து ஏறுகிறது, மறுபக்கம் சட்டென்று இறங்குகிறது. வீட்டுக்கு வந்து, பாதி காய்ந்த தட்டில் செங்காவிக் குழம்பைத் தயிர்ப் பதத்தில் தடிமனாகப் பூசி, பனை மட்டைத் துண்டைச் சாய்த்துப் பிடித்து ஒரே பக்கமாகத் தள்ளித் தள்ளி நிறுத்தினேன். நிறுத்துகிற இடத்தில் குழம்பு குவிந்து அந்தச் செங்குத்துப் பக்கம் தானாகவே வந்தது. இதைச் செய்யும்போது கை நடுங்கினால் பரவாயில்லை, காற்றும் ஒரே அளவாகவா வீசுகிறது?

பழைய பானை ஓடுகளையும் பாருங்கள். வைகை கடலில் சேரும் அழகன்குளத்தில் 1986இல் மாநிலத் தொல்லியல் துறை தோண்டத் தொடங்கியதிலிருந்து ரோமானிய மதுச்சாடித் துண்டுகள், கப்பல் கீறிய ஓடு, நடுவில் வட்ட வட்டமாகப் புள்ளி வரிசை ஓடும் ரூலெட் தட்டு ஓடுகள் என்று எவ்வளவோ கிடைத்திருக்கின்றன. எனக்கு அதில் கருப்பு சிவப்பு ஓடுதான் பெரிய வாத்தியார். உள்ளே கருப்பு, வெளியே சிவப்பு, ஆனால் மண் ஒன்றேதான். கவிழ்த்து வைத்துச் சுட்டால் உள்ளே காற்று போகாமல் புகை பிடித்துக் கருக்கும், வெளியே காற்றுப் பட்டுச் சிவக்கும். ஒரு சின்னக் கிண்ணத்துக்குள் உமியை அடைத்துக் கவிழ்த்து, விளிம்பை உமிக்குள் ஒரு விரல் புதைத்துச் சுட்டுப் பாருங்கள், நிறம் மாறும் கோடு எங்கே விழ வேண்டும் என்பதை ஐந்தாறு கிண்ணத்தில் பழகிவிடலாம்.

இனி மண். கண்மாய் மண்ணை அனுமதி வாங்கித்தான் எடுக்க வேண்டும், கடலை ஒட்டிய இடமென்றால் உப்பும் சிப்பித் துகளும் கலந்தே வரும். தொட்டியில் கரைத்து, தெளிந்த நீரை மூன்று நான்கு தடவை இறுத்துவிட்டால் உப்பு பெரும்பாலும் போய்விடும். சிப்பிதான் ஆபத்து. ஒரு தடவை சல்லடையில் சலிக்காமல் நாற்பது கிண்ணம் வனைந்து சுட்டேன், எல்லாம் அழகாக வந்தன. நாலாம் நாள் ராத்திரி அலமாரியிலிருந்து 'டப்' என்று ஒரு சத்தம், கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. காலையில் பார்த்தால் கிண்ணங்களில் காசு அளவுக்குச் சில்லு தெறித்திருக்கிறது, ஒவ்வொரு குழியின் நடுவிலும் ஒரு வெள்ளைப் பொட்டு. சூளையில் சூடு 800 டிகிரியைத் தாண்டும்போது சிப்பி சுட்ட சுண்ணாம்பாகிவிடுகிறது, பிறகு காற்றின் ஈரத்தைக் குடித்து ஊதிக் கிண்ணத்தை உடைக்கிறது. நல்ல பருத்தித் துணியில் வடிகட்டுங்கள். அப்படியும் சந்தேகமாக இருந்தால், சூளையிலிருந்து எடுத்த கிண்ணம் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் தண்ணீரில் முழுக அமிழ்த்திவிடுங்கள், சுண்ணாம்பு தெறிக்காமல் குழைந்துவிடும்.

மனசு ஆறவே ஒரு மாதம் ஆனது. பிறகு தனுஷ்கோடி போயிருந்தேன். 1964 டிசம்பர் புயலில் இடிந்த தேவாலயச் சுவரில் இருப்பது பவளக்கல், கல் முழுக்கச் சின்னச் சின்னக் குழி. அதில் விரலை வைத்ததும் என் கிண்ணத்துக் குழி ஞாபகம் வந்தது. தெறித்து உடைத்த அதே சிப்பியை வைத்தே இந்தச் சுவரைச் செய்துவிடலாமே!

பவளப்பாறையைத் தொடாதீர்கள், செத்த துண்டாக இருந்தாலும் பொறுக்காதீர்கள், வனவிலங்குச் சட்டத்தில் அதற்குப் பாதுகாப்பு உண்டு. சமைத்து மிஞ்சிய மட்டிச் சிப்பி ஓடு போதும். நெல் அளவு, உளுந்து அளவு என்று இரண்டு விதமாக நொறுக்கி, ஒன்றரை விரல் தடிமனுள்ள ஈரக் களிமண் டைலின் மேல்பக்கம் மட்டும் அழுத்துங்கள். ஆழமாகப் போனால் டைல் பிளக்கும், ஓரத்தில் வைத்தால் மூலை போகும். ஒரு வாரம் நிழலில் காயட்டும். மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று வீசும் மாதமென்றால் காற்றுப் பக்கம் ஈரச்சாக்கு தொங்கவிட்டு, வேளைக்கு ஒரு தடவை திருப்பி வையுங்கள், இல்லாவிட்டால் ஒரு பக்கம் முந்திக் காய்ந்து வளைந்துவிடும். 900 டிகிரி வரை சுட்டு, ஆறியதும் தாமதிக்காமல் தண்ணீரில் போடுங்கள், கையுறை கட்டாயம், சுண்ணாம்பு நீர் தோலை அரித்துவிடும். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் பால் மாதிரி வெளுக்கும். மறுநாள் காலை தென்னை நார் பிரஷ்ஷால் லேசாகத் தேய்த்தால் போதும், துகள் இருந்த இடமெல்லாம் குழியாகத் திறந்துகொள்ளும்.