உயிர் இரை பிடிக்க வீச்சு வலை வாங்கப் போறீங்களா? முதல்ல கண்ணைப் பாருங்க

வீச்சு வலை வாங்கப் போறவங்க எடுத்த உடனே கேக்குறது "எத்தனை அடி வலை வாங்கலாம்?"னுதான். உயிர் இரைக்குன்னு வாங்குறப்ப அது மூணாவதா வரவேண்டிய கேள்வி. கண், அதாவது வலை நூலுக்கு நடுவுல இருக்குற ஓட்டை, என்ன சைஸ்ங்கறது முதல்ல, ஈயம் எவ்வளவுங்கறது ரெண்டாவது, அதுக்கப்புறம்தான் அடி. சமையலுக்குப் பிடிக்கிற மீன் வலையிலயே செத்துப்போனாலும் ஒண்ணும் ஆகப்போறதில்ல, ஆனா தூண்டில்ல கோத்து விடப்போற மீன் செதில் உதிராம, செவுள் கிழியாம, தொட்டியில விட்டா ஒரு மணி நேரம் கழிச்சும் துடிப்பா நீந்தணும், அப்பதான் பெரிய மீன் அதைத் தேடி வரும். அந்த ஒரு விஷயத்தை மனசுல வச்சுக்கிட்டா வலை தேர்ந்தெடுக்குறது பாதி முடிஞ்ச மாதிரி.

நான் முதல்ல வாங்குன வலை எட்டு அடி, கண்ணை இழுத்துப் பிடிச்சா 25 மில்லிமீட்டர் இருக்கும். விரல் நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலான மத்திக் குஞ்சு கூட்டமா மேல மினுக்கிட்டு இருந்துச்சு, வீசினேன், வலையும் நல்லா விரிஞ்சு விழுந்துச்சு. தூக்கிப் பாத்தா கண்ணுக்கு ஒரு மீன்னு வலை முழுக்க வெள்ளையாத் தொங்குது. ஒண்ணைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல பிடிச்சு எடுக்கப் பாத்தேன், வலையோட நரம்பு செவுள் மூடிக்கு உள்ள புகுந்து பூட்டு போட்ட மாதிரி நிக்குது, முன்னாடி தள்ளுனா செதில் மொத்தமா கையில ஒட்டிக்கிட்டு வருது, பின்னாடி இழுத்தா செவுள் கிழிஞ்சு ரத்தம் வருது. அத்தனையையும் கழட்டி முடிக்க அரை மணி நேரம் ஆச்சு, தொட்டியில விட்டதுல ஒண்ணுகூட நேரா நிக்கல. அன்னைக்குத்தான் கண் அளவு எவ்வளவு முக்கியம்னு புரிஞ்சுச்சு.

சரி, கண் அளவை எப்படி முடிவு பண்றது? முதல்ல அளக்குற முறையிலயே ஒரு குழப்பம் இருக்கு, அதைத் தீத்துக்குங்க. சிலர் ஒரு முடிச்சுல இருந்து அடுத்த முடிச்சு வரைக்கும், அதாவது கண்ணோட ஒரு பக்கத்தை மட்டும் அளந்து சொல்லுவாங்க, சிலர் கண்ணை நல்லா இழுத்து மூடி எதிரெதிர் முடிச்சுக்கு நடுவுல உள்ள நீளத்தைச் சொல்லுவாங்க. ஒரு பக்கம் 10 மில்லிமீட்டர்னா இழுத்த அளவு 20. ரெண்டும் ஒரே வலைதான், ஆனா எந்த அளவுன்னு கேக்காம வாங்கினா பாதியோ ரெண்டு மடங்கோ தப்பா வந்து சேரும். ஸ்கேல் கையில வச்சு நீங்களே ஒரு கண்ணை இழுத்து அளந்து பாத்துருங்க.

இப்ப மீனை அளக்கணும். நீங்க வழக்கமா இரைக்குப் போடுற மீன்லயே கொஞ்சம் சின்னதா ஒண்ணு எடுங்க, செவுள் மூடி இருக்குற இடத்துல ஒரு நூலைச் சுத்தி அந்தச் சுற்றளவு எவ்வளவுன்னு பாருங்க. இழுத்த கண் அளவை ரெண்டால பெருக்குனா கண்ணோட சுற்றளவு கிடைக்கும். தலைச் சுற்றளவை விட கண்ணோட சுற்றளவு தெளிவாக் குறைவா இருந்தா மூக்கு இடிச்சு மீன் திரும்பிடும், செவுள் மாட்டாது. உதாரணத்துக்கு மீனோட செவுள் சுற்றளவு 50 மில்லிமீட்டர்னு வைங்க, இழுத்த கண் 25 இருந்தா ரெண்டும் சரிக்குச் சரி, கொஞ்சம் சின்ன மீனெல்லாம் தலையை விட்டு மாட்டிக்கும், 20க்குக் கீழ போனா நிம்மதி. நூல் பிடிச்சு அளக்க நேரமில்லன்னா தோராயக் கணக்கு ஒண்ணு இருக்கு: நெத்திலி மாதிரி மூணு இஞ்சுக்கு உட்பட்ட மீனுக்கு ஒரு பக்கம் 6 மில்லிமீட்டர், மூணுல இருந்து அஞ்சு இஞ்ச் வரைக்கும் 10, அதுக்கு மேல கை நீள மடவை எல்லாம்னா 12, 13ல ஆரம்பிச்சு மேல போகலாம். ஆனா காரல் மாதிரி தட்டையா அகலமா இருக்குற மீனும் மடவை மாதிரி உருண்டையா இருக்குற மீனும் ஒரே நீளம் இருந்தாலும் ஒரே கண்ணுல ஒரே மாதிரி மாட்டாது, அதனால நூல் கணக்குதான் எனக்கு நம்பிக்கை.

அப்ப எல்லாத்துக்கும் சேத்து ரொம்பச் சின்னக் கண்ணா வாங்கிட்டா போச்சேன்னு தோணும். அங்கதான் இன்னொரு பக்கம் இருக்கு. கண் சின்னதாக ஆக, அதே அளவு வலையில நூல் கூடுது, முடிச்சு கூடுது, தண்ணி அதுக்குள்ள பூந்து வெளிய வர சிரமப்படுது, வலை குடை மாதிரி மெல்ல மெல்ல இறங்குது. அதுக்குள்ள மீன் கீழ பாய்ஞ்சு ஓரத்துல தப்பிச்சுப் போயிடும். முட்டளவு தண்ணியில இது பெரிய குறையாத் தெரியாது, எட்டு பத்து அடி ஆழத்துல வீசுனா வெறும் வலைதான் திரும்பி வரும். ஆக செவுள் மாட்டாத அளவுக்குச் சின்னது, அதுக்கு மேல ஒரு துளி கூட சின்னது வேண்டாம். ஒரே வலையில நெத்திலியும் பிடிக்கணும் பெரிய மடவையும் பிடிக்கணும்னா நடக்காது, ரெண்டு வலை வச்சுக்குறதுதான் நேர்மையான வழி.

ஈயத்துக்கு வருவோம். வலையோட ஓரத்துல சுத்தி வர்ற ஈயமணிதான் அதை இறக்குது. ஆரம், அதாவது உச்சியில இருந்து ஓரத்து ஈயக்கயிறு வரைக்கும் உள்ள நீளம், ஒரு அடிக்கு அரை கிலோவுல இருந்து 700 கிராம் வரைக்கும்ங்கறது நல்ல அளவு, அதாவது எட்டு அடி வலைக்கு நாலு கிலோவுல இருந்து அஞ்சரை கிலோ. ஆழம் கம்மின்னா கீழ் அளவு போதும், ஆழமோ நீரோட்டமோ இருக்குற இடம்னா மேல் அளவுக்குப் போங்க. அதுக்கும் குறைவான ஈயத்தோட வர்ற வலை தூக்க லேசா இருக்கும், கையில எடுத்த உடனே பிடிச்சுப்போகும், தண்ணியில விழுந்ததும்தான் உண்மை தெரியும். எடை மட்டும் பாத்தா போதாது, மணிக்கும் மணிக்கும் உள்ள இடைவெளியையும் பாருங்க. பெரிய பெரிய மணியைத் தள்ளித் தள்ளிக் கோத்திருந்தா தரையில விழும்போது நடுவுல கயிறு தூக்கிக்கிட்டு நிக்கும், அந்தச் சந்துல மீன் வரிசையாப் போயிடும். சின்ன மணி நெருக்கமா இருந்தா தரையோட தரையா ஒட்டி உக்காரும்.

கடைசியா அடி. பெரும்பாலும் அடின்னு சொல்றது இந்த ஆரத்தைத்தான், ஆனா சில இடத்துல வேற மாதிரியும் சொல்றாங்க, இதையும் கேட்டே வாங்குங்க. ஆறு அடி வலை முழு வட்டமா விரிஞ்சா ஏறக்குறைய 113 சதுர அடி, எட்டு அடின்னா 200, பத்து அடின்னா 314. நம்பரைப் பாத்தா ஆசை வரும். ஆனா பத்து அடி வலை பாதிதான் விரிஞ்சுதுன்னா அது முழுசா விரிஞ்ச ஏழு அடி வலைக்குச் சமம்தான், தோள் வலி மட்டும் மிச்சம். புதுசா பழகுறவங்க நாலு, அஞ்சு அடியில ஆரம்பிக்கலாம், கை வந்தவங்களுக்குக் கரையில இருந்து வீச ஆறுல இருந்து எட்டு தாராளம், பத்து பன்னெண்டெல்லாம் படகுல நின்னு ஆழத்துல வீசுறவங்களுக்கு. இரைக்கு நமக்கு வேண்டியது ஒரு முப்பது நாப்பது மீன்தானே, கூட்டத்தைப் பாத்து ரெண்டு வீச்சு சின்ன வலையிலயே கிடைச்சிடும். உங்க உயரத்துக்கு ரொம்ப மீறின வலை ஒவ்வொரு தடவையும் தரையில இழுபடும், மணல் குப்பை எல்லாம் ஏறும், அதையும் பாத்துக்கங்க.

அமைப்புல ரெண்டு வகை உண்டு. ஒண்ணுல ஈயக்கயிறு பக்கத்துல வலையை உள்பக்கமா மடிச்சு மடி மாதிரி கட்டியிருப்பாங்க, இழுக்கும்போது மீன் அந்த மடியில போய்த் தங்கும். இன்னொண்ணுல உச்சியில இருக்குற வளையம் வழியா நிறைய சுருக்குக் கயிறு உள்ள இறங்கி ஈயக்கயிறுல கட்டியிருக்கும், கைக்கயிறை இழுத்தா ஓரம் மொத்தமா உள்ள சுருங்கி பை மாதிரி ஆகிடும். மடி வலை ஆழம் கம்மியான இடத்துலயும் கல்லு முள்ளு இருக்குற இடத்துலயும் நல்லா வேலை செய்யும், ஆனா மீன் மடிக்குள்ள நசுங்கிக் கிடக்கும், ஒவ்வொண்ணா கைவிட்டு எடுக்கணும். சுருக்கு வலையில உச்சி வளையத்தைப் பிடிச்சுத் தூக்குனா ஓரம் தளர்ந்து மீன் அத்தனையும் தொட்டிக்குள்ள தானா கொட்டிடும், கையே படவேண்டாம். உயிர் இரைக்குன்னா என் ஓட்டு சுருக்கு வலைக்குத்தான். சுருக்குக் கயிறு சிக்கல் விழுந்திருக்கான்னு ஒவ்வொரு வீச்சுக்கும் முன்னாடி உதறிப் பாக்கணும், ஒரு கயிறு சுத்திக்கிட்டாலும் வலை பிறை நிலா மாதிரி கோணலாத்தான் விழும்.

நூல் விஷயம் சுருக்கமா: தங்கூசி நரம்பு வலை தண்ணியைக் குடிக்காது, சீக்கிரம் இறங்கும், மீன் கண்ணுக்கும் அவ்வளவா தெரியாது, ஆனா புதுசுல விறைப்பா சுருண்டு சுருண்டு நிக்கும். முறுக்கு நைலான் நூல் வலை மெத்துன்னு இருக்கும், வீசப் பழக சுகம், இறங்குறது கொஞ்சம் மெதுவு. ஆழத்துக்குத் தங்கூசி, ஆழம் கம்மியான இடத்துக்கு எது கையில நல்லா உக்காருதோ அது.

வாங்குறதுக்கு முன்னாடி வலையை உச்சியைப் பிடிச்சுத் தொங்கவிட்டு ஒரு சுத்து சுத்திப் பாருங்க. பாவாடை மாதிரி கீழ நல்லா அகலிச்சு, மடிப்பு மடிப்பா விழணும். குழாய் மாதிரி ஒல்லியா தொங்குச்சுன்னா துணி கம்மியா போட்டுத் தச்சிருக்காங்க, யார் வீசுனாலும் அது முழுசா விரியாது. அப்புறம் ஈயக்கயிறை ஆரம்பத்துல இருந்து முடியுற வரைக்கும் விரலால தடவிக்கிட்டே வாங்க, கட்டு எங்கயாவது தளர்வா இருக்கா, மணி தானா நகருதா, கூரா நீட்டிக்கிட்டு இருக்கான்னு விரலுக்குத் தெரிஞ்சிடும். ரெண்டு மூணு இடத்துல கண்ணை ரெண்டு கையாலயும் இழுங்க, முடிச்சு வழுக்குனா அந்த வலை வேண்டாம். கைக்கயிறு கை அறுக்காத தடிமன்ல இருக்கணும், வளையத்துக்கும் கயிறுக்கும் நடுவுல சுழலி இருந்தா முறுக்கு ஏறாது.

புது தங்கூசி வலையா இருந்தா வெதுவெதுன்னு இருக்குற தண்ணியில துணிக்குப் போடுற சாஃப்ட்னர் கொஞ்சம் கலந்து சில மணி நேரம் ஊறப்போட்டு, நல்ல தண்ணியில அலசிட்டு வீசிப் பழகுங்க, விறைப்பு நல்லாவே குறையும். முதல் பத்து நாள் வெட்டவெளியில புல் தரையில வீசிப் பாருங்க, வட்டம் எப்படி விழுதுன்னு தண்ணியில தெரியுறதை விட தரையில தெளிவாத் தெரியும். வாட்ச், மோதிரம், பட்டன் வச்ச சட்டை எல்லாம் கழட்டிட்டு வீசுங்க. கைக்கயிறு சுருக்கை மணிக்கட்டுல போடுறப்ப அவசரத்துக்கு உடனே கழட்டுற மாதிரி இருக்கணும், வழுக்குற பாறையில நின்னு வீசுறவங்களுக்கு இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். நிறைய பேர் ஈயக்கயிறைப் பல்லுல கடிச்சுப் பிடிச்சு வீசுறாங்க, தயவுசெஞ்சு வேண்டாம், ஈயம் விஷம், பல்லுக்கும் கேடு. தோள்ல போட்டு வீசுற முறை இருக்கு, பல்லே தேவையில்ல. வலையைத் தொட்ட கையோட சாப்பிடவும் செய்யாதீங்க.

வீச்சு வலைக்கு அனுமதி உண்டா, எந்தக் கண் அளவு வரைக்கும் உண்டுங்கறது இடத்துக்கு இடம் மாறும், கடலுக்கு ஒரு சட்டம் குளத்துக்கு ஒரு சட்டம்னு கூட இருக்கும், நீங்க வீசப்போற தண்ணிக்கு என்ன விதின்னு காசு குடுக்குறதுக்கு முன்னாடியே விசாரிச்சுடுங்க.

மீன் வந்ததுக்கு அப்புறம் வலையைத் தரையில போட்டுப் பிரிக்காதீங்க. மணல்ல ஒரு தடவை புரண்ட மீனோட மேல் வழவழப்பு போயிடும், அது போச்சுன்னா அந்த மீன் ரொம்ப நேரம் தாங்காது. தண்ணி நிறைச்ச தொட்டியைப் பக்கத்துலயே வச்சு நேரா அதுக்குள்ள கொட்டுங்க, கையால எடுக்க வேண்டி வந்தா கையை நனைச்சுக்கிட்டு எடுங்க. மத்தி, சாளை வகை செதில் சட்டுனு உதிர்ற மீன், மடவை கொஞ்சம் தாங்கும். தொட்டி வட்டமா இருந்தா மீன் மூலையில போய் முட்டிக்கிட்டு நிக்காது, காத்து மோட்டார் ஓடணும், கொள்ளாத அளவுக்கு நெருக்கி அடைக்காதீங்க, மிச்சத்தை அப்பவே தண்ணியில விட்டுடுங்க.

வலை கல்லுல மாட்டிக்கிச்சுன்னா இழுத்துக் கிழிக்காதீங்க. கயிறைத் தளரவிட்டு, எதிர்ப்பக்கமா நகர்ந்து போய் அங்க இருந்து மெதுவா தூக்குங்க, முக்கால்வாசி வந்துடும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணியில அலசி நிழல்ல காயப்போடுங்க, வெயில் நரம்பை உள்ளுக்குள்ள மக்க வைக்கும். சீசனுக்கு ஒரு தடவை ஏதாவது ஒரு கண்ணை இழுத்துப் பாருங்க, பட்டுனு அறுந்துச்சுன்னா ஈயக்கயிறை மட்டும் அவுத்து எடுத்து வச்சுக்கிட்டு வலையை மாத்திடுங்க. பழைய வலையைத் தண்ணியோரமா விட்டுட்டு வராதீங்க, அது அங்க கிடந்து யாரும் எடுக்காத மீனைப் பிடிச்சுக்கிட்டே இருக்கும்.