அப்பாவின் படைச் சேவையை நினைவு மலரில் எழுதும் முறை

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் படையில் இருந்த தகப்பனுக்கு 31ஆம் நாளில் வெளியிடும் நினைவு மலரில், அவருடைய சேவை பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது: "இராணுவத்தில் கடமையாற்றி நாட்டுக்குச் சேவை செய்தார்." எந்தப் படை, என்ன இலக்கம், எந்த ஆண்டு, எந்த ஊர் என்பது ஒன்றும் இருக்காது. அப்பப்பாவும் உலகப் போரில் இருந்தவர் என்றால் அவரும் அந்த வரிக்குள்ளேயே அடங்கிப்போவார். 30 வருடம் கழித்துப் பேரப்பிள்ளைகள் தேடும்போது கையில் கிடைக்கப்போவது பல வீடுகளில் இந்த மலர் ஒன்றுதான். அதனால் இந்தப் பகுதிக்கு இரண்டு பக்கமாவது ஒதுக்குங்கள்.

முதல் வாரத்திலேயே பெட்டியைத் திறவுங்கள். செத்தவீட்டுக்குப் பிறகு அலுமாரியைத் துப்புரவாக்கும்போதுதான் பழைய கடதாசிகள் குப்பைக்குப் போகின்றன. தேட வேண்டியவை: படையிலிருந்து விலகிய சான்றிதழ், சம்பளப் புத்தகம், ஓய்வூதியக் கடிதங்கள், சீருடைப் படங்கள், பதக்கங்கள், தொப்பிச் சின்னம், காசுக்கட்டளைத் துண்டுகள், தபால் முத்திரை தெரியும் கடித உறைகள். உலகப் போர்க் காலத்துச் சம்பளப் புத்தகம் சட்டைப்பைக்குள் அடங்கும் சிறிய மண்ணிறப் புத்தகம். அட்டையில் ஆர்மி புக் 64 என்று ஆங்கிலத்தில் இருக்கும். அதன் முதற் பகுதியில் இலக்கம், சேர்ந்த திகதி, பயிற்சி, தடுப்பூசி விவரம் எல்லாம் வரும். வேறு எதுவும் இல்லாவிட்டாலும் இது ஒன்று போதும்.

மடித்த கடதாசி பொரிந்துபோயிருந்தால் இழுத்து விரிக்க வேண்டாம். இஸ்திரிக்கைப் பெட்டி வைக்கக் கூடாது, செலோடேப் ஒட்டக் கூடாது, லமினேற் செய்யவே கூடாது. லமினேற்றின் சூட்டில் பழைய மை மங்கிவிடலாம். ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு கழற்றவும் முடியாது. துருப்பிடித்த கிளிப், ஸ்டேப்பிள் இருந்தால் மெதுவாக எடுத்துவிடுங்கள். எடுக்கும்போது எந்தத் தாளோடு எந்தத் தாள் இருந்தது என்று பென்சிலால் ஓரத்தில் குறித்து வையுங்கள்.

இனிப் படையின் பெயர். மலர்களில் அதிகம் பிழைக்கும் இடம் இதுதான். 1949 ஒக்டோபர் 10ஆம் திகதிக்கு முன்னர் இருந்தது சிலோன் பாதுகாப்புப் படை. அதற்குள் சிலோன் இலகு காலாட்படை, சிலோன் கரிசன் ஆட்டிலறி (பீரங்கிப் படை), பொறியியலாளர், மருத்துவப் படை என்று பிரிவுகள். அந்தத் திகதியிலிருந்துதான் சிலோன் இராணுவம். ரோயல் சிலோன் கடற்படை 1950 டிசம்பர் 9இல் உருவானது. போர்க்காலத்தில் அதன் இடத்தில் இருந்தது தொண்டர் கடற்படை. 1972 மே 22இல் குடியரசான பின்னரே "சிலோன்", "ரோயல் சிலோன்" என்பன போய் "இலங்கை" வந்தது. ஆகவே 1943இல் சேர்ந்த அப்பப்பாவை "இலங்கை இராணுவத்தில்" என்று எழுதினால் அந்தப் பெயரை வைத்து ஆவணம் தேடுகிறவர் தவறான இடத்துக்குப் போவார். பலர் பிரித்தானியாவின் சொந்தப் பிரிவுகளிலும் சேர்ந்தார்கள், குறிப்பாக றோயல் ஆர்மி சேர்விஸ் கோரில் (போக்குவரத்து, வழங்கல் பிரிவு), விமானப்படையில். அப்படியானால் அதையே எழுத வேண்டும்.

பதவியையும் கடதாசியில் உள்ளபடி வையுங்கள். ஆட்டிலறியில் சாதாரண சிப்பாய்க்கே கன்னர் என்று பெயர். பொறியியல் பிரிவில் சப்பர். பொம்பாடியர் என்பது காலாட்படைக் கோப்ரலுக்குச் சமன், குண்டுவீச்சோடு அதற்குத் தொடர்பில்லை. மரியாதைக்காகப் பதவியை உயர்த்தி எழுதும் பழக்கம் ஒன்று உண்டு. கன்னராக ஐந்து வருடம் கடலோரத் துப்பாக்கிமேடையில் நின்றவருக்கு அந்த ஐந்து வருடமே மரியாதை. அவரைக் கப்டன் ஆக்க வேண்டியதில்லை.

பதக்கங்களில் கவனம் தேவை. இரண்டாம் உலகப் போருக்குப் பிரித்தானியா இங்குள்ளவர்களுக்கு வழங்கிய நட்சத்திரங்களிலும் பதக்கங்களிலும் பெயர் பொறிக்கவில்லை. பெட்டியில் பேர்மா ஸ்டார் இருப்பதால் மட்டும் அப்பப்பா பர்மாவில் இருந்தார் என்று எழுதிவிட முடியாது. கடதாசி சொல்ல வேண்டும். முதலாம் உலகப் போர்ப் பதக்கம் அப்படியில்லை. விளிம்பைச் சுற்றி இலக்கம், பதவி, பெயர், பிரிவு எல்லாம் வெட்டியிருக்கும், உருப்பெருக்கியால் பாருங்கள். இரண்டாம் உலகப் போருக்குரியவற்றை நாடா போய்விட்டாலும் அடையாளம் காணலாம்: ஆறு முனையுள்ள வெண்கல நட்சத்திரத்தில் நடுவே கிரீடமும், சுற்றி அந்த நட்சத்திரத்தின் ஆங்கிலப் பெயரும் இருக்கும். 36 மில்லிமீற்றர் அகல வெள்ளைநிற வட்டப் பதக்கம் என்றால் போர்ப் பதக்கமாகவோ பாதுகாப்புப் பதக்கமாகவோ இருக்கலாம். சிங்கம் ஒன்று இரண்டு தலையுள்ள டிராகனை மிதித்து நின்றால் போர்ப் பதக்கம்.

படம் எடுக்கும் அவசரத்தில் பதக்கத்தைப் புளி போட்டுத் தேய்ப்பவர்கள் உண்டு. புளி, சாம்பல், பிராசோ மூன்றும் வேண்டாம். மேற்பூச்சும் நுண்ணிய எழுத்தும் தேய்ந்து போகும், போனது திரும்பாது. காய்ந்த பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். கருநிறத் துணியில் வைத்து, காலையில் யன்னல் ஓரத்தில், பிளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து இரு பக்கமும் எடுத்தால் போதும்.

கடதாசியில் இல்லாதது மூத்தவர்களின் நினைவில் இருக்கும். ஆண்களிடம் மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். காசுக்கட்டளை எந்த ஊரிலிருந்து வந்தது, எந்தப் பிள்ளை பிறந்தபோது அவர் லீவில் வரவில்லை என்பதெல்லாம் பெத்தாவுக்கும் மாமிக்கும்தான் தெரியும். "எந்த வருசம்?" என்று கேட்டால் யாருக்கும் வராது. படத்தை அல்லது தொப்பிச் சின்னத்தைக் கையில் கொடுத்துக் கேளுங்கள். வருடத்தை ஊரறிந்த நிகழ்வோடு சேர்த்துக் கேளுங்கள். 1942 ஏப்ரல் 9இல் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் ஜப்பானிய விமானங்களால் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது, 1978 நவம்பர் 23 சூறாவளி, 2004 சுனாமி: இவற்றுக்கு முன்னா பின்னா என்றால் உடனே பதில் வரும். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போனில் பதிவு செய்யுங்கள், முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். கேள்விப்பட்டதை எழுதும்போது "குடும்பத்தார் சொல்வதன்படி" என்று சேர்த்துவிடுங்கள். கப்பல் மூழ்கியதைக் கரையிலிருந்து கண்டவர், இரண்டு தலைமுறை கதை கடந்ததும் அந்தக் கப்பலில் கடமையாற்றியவராக மாறிவிடுவதுண்டு.

1983க்குப் பிந்திய காலம் வந்தால் வேகத்தைக் குறையுங்கள். இங்குள்ள பல வீடுகளில் ஒருவர் ஒரு பக்கமும் இன்னொருவர் வேறு பக்கமும் நின்றிருக்கிறார்கள். மலர் பல கைகளுக்குப் போகும். உயிரோடிருக்கும் எவருடைய பெயரையும் அவரைக் கேட்காமல் அச்சிடாதீர்கள். அம்மாவும் சகோதரங்களும் முழுப் பக்கத்தையும் வாசித்துச் சம்மதித்த பிறகே அச்சகத்துக்குக் கொடுங்கள்.

எழுதும்போது அடைமொழிகளைக் குறைத்து விவரத்தைக் கூட்டுங்கள். இப்படி இருந்தால் நல்லது: "1941 மார்ச்சில் சிலோன் கரிசன் ஆட்டிலறியில் கன்னராகச் சேர்ந்தார். திருகோணமலையில் கடமையாற்றினார். 1946இல் பொம்பாடியராக விலகினார். ஆதாரம்: விலகற் சான்றிதழ்." படைச் சேவை பல தலைமுறையாக வந்த வீடென்றால் வம்சாவளிப் பக்கத்திலேயே ஒவ்வொரு பெயருக்குக் கீழும் படை, ஆண்டு இரண்டையும் சிறிய எழுத்தில் போடலாம்.

அச்சு வேலை. ஏ5 அளவு வசதியானது. நடுவில் ஸ்டேப்பிள் அடிக்கும் மலரின் பக்க எண்ணிக்கை 4ஆல் வகுபட வேண்டும். 16 அல்லது 24 பக்கம் போதும். உள்ளுக்கு 100 ஜிஎஸ்எம் தாள், படப் பக்கங்களுக்கு 130 ஜிஎஸ்எம் ஆர்ட் தாள். பழைய படத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 2க்கு 3 அங்குலப் படத்தை 4க்கு 6 ஆகப் பெருப்பித்தும் 300 டிபிஐயில் தெளிவாக அச்சிடலாம். கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிரிக்காமல் அப்படியே ஸ்கேன் செய்யுங்கள். வட்சப்பில் அனுப்புவதானால் ஆவணமாக அனுப்புங்கள், படமாக அனுப்பினால் சுருங்கிவிடும்.

அச்சகத்தில் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தால் இன்னொரு சிக்கல் வரும். பிரிவின் ஆங்கிலச் சுருக்க எழுத்துகள் எழுத்துரு மாற்றப்படாமல் கிடந்தால் பொருளற்ற தமிழ் எழுத்துகளாக அச்சாகும். ஆகவே பிரிவின் பெயரைத் தமிழில் முழுதாக எழுதிக் கொடுங்கள். ப்ரூஃப் வந்ததும் இலக்கம், திகதி, பதவி மூன்றையும் ஒருவர் மூலக் கடதாசியிலிருந்து சத்தமாக வாசிக்க, மற்றவர் ப்ரூஃபில் சரிபார்க்க வேண்டும்.

31 நாளுக்குள் எல்லாம் கிடைக்காது. பிரித்தானியப் பிரிவுகளில் சேவை செய்தவர்களின் கோப்புகள் 2022 முதல் லண்டனில் கியூ என்ற இடத்திலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றப்படுகின்றன. விண்ணப்பித்துப் பதில் வர மாதக்கணக்காகும். சேவையில் இறந்தவர் என்றால் பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணைக்குழுவின் இணையப் பதிவேட்டில் இலவசமாகத் தேடலாம். அவருடைய பெயரிலும் தகப்பன் பெயரிலும், ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றியும் தேடுங்கள். அதிகாரி நியமனங்களுக்குக் கொழும்பு 7இலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய அரச வர்த்தமானிகளைப் பார்க்கலாம். ஓய்வூதியம் பெற்றவரானால் பிரதேச செயலகத்தில் ஓய்வூதிய இலக்கத்தைக் கொடுத்து விசாரியுங்கள். கிடைத்ததையெல்லாம் ஆட்டைத் திவச மலருக்கு வையுங்கள்.

மலர் வந்ததும் மட்டக்களப்புப் பொது நூலகத்துக்கும் வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழக நூலகத்துக்கும், அம்பாறைப் பக்கமானால் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கும் ஒவ்வொரு பிரதி கொடுங்கள். நூலகம் நிறுவனம் நினைவு மலர்களை மின்பதிவாக்கி இணையத்தில் வைக்கிறது, அவர்களுக்கும் ஒன்று. மூலக் கடதாசிகளைப் பொலிப்ரொப்பிலீன் உறையில் இட்டு, காற்றுப்புகாப் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு, வெளிச்சுவரில் முட்டாத அலுமாரியின் மேல்தட்டில் வையுங்கள். மாரி தொடங்குமுன் ஐப்பசியில் ஜெல்லை மாற்றுங்கள். பிள்ளைகள் நால்வர் இருக்கிறார்கள் என்று பதக்கங்களை நாலாகப் பிரிக்க வேண்டாம். தொகுதி முழுவதும் ஒருவரிடம் இருக்கட்டும், மற்றவர்களுக்கு ஸ்கேன் பிரதி. யாரிடம் இருக்கிறது என்பதை மலரின் கடைசிப் பக்கத்திலேயே அச்சிட்டுவிடுங்கள்.