8085 அசெம்பிளி: கட்டளைகளை எழுதும் விதமும் முகவரி முறைகளும்

இன்டெல் நிறுவனம் 1976இல் வெளியிட்ட 8085 நுண்செயலிக்கு நிரல் எழுதும்போது, ஒவ்வொரு வரியிலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, தரவு இப்போது எங்கே இருக்கிறது என்பதுதான். அது கட்டளைக்குள்ளேயே இருக்கலாம், பதிவகத்தில் (செயலிக்குள்ளேயே உள்ள சிறு சேமிப்பிடம்) இருக்கலாம், அல்லது 65,536 பைட் நினைவகத்தில் ஏதோ ஓரிடத்தில் இருக்கலாம். அந்த இடத்தைப் பொறுத்தே கட்டளை அமைகிறது என்பதால், கட்டளைப் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட இந்தக் கேள்வியைப் பழக்கமாக்கிக்கொள்வது நல்லது.

ஒரு வரியில் லேபிள் (வரிக்கு இடும் பெயர்), கட்டளைப் பெயர், செயலேற்பி (கட்டளை கையாளும் தரவு அல்லது அதன் இடம்), குறிப்பு என நான்கு பகுதிகள் இருக்கலாம். லேபிளின் முடிவில் முக்காற்புள்ளியும் குறிப்பின் தொடக்கத்தில் அரைப்புள்ளியும் வரும். செயலேற்பிகள் இரண்டு இருந்தால் சேரும் இடம் முதலிலும் புறப்படும் இடம் அடுத்தும் எழுதப்படும். ஆகவே 'எம்ஓவி ஏ, பி' என்பது பி பதிவகத்தின் மதிப்பை ஏ பதிவகத்தில் நகலெடுக்கும், பி மாறாது. பதினறும (16ஐ அடியாகக் கொண்ட) எண்ணின் இறுதியில் எச் சேர்க்க வேண்டும். அந்த எண் எழுத்தில் தொடங்கினால் முன்னால் 0 இட வேண்டும். இல்லாவிட்டால், நிரலை இயந்திரக் குறியீடாக மாற்றும் அசெம்பிளர் அதை ஒரு பெயராக எடுத்துக்கொள்ளும்.

தரவு கட்டளைக்குள்ளேயே இருப்பது உடனடி முறை: 'எம்விஐ சி, 05எச்' (சி-யில் 05ஐ இடு). பதிவகங்களுக்குள்ளேயே வேலை முடிந்தால் அது பதிவக முறை. ஒரு பைட், 4 கடிகாரத் துடிப்புகள் போதும். முகவரியையே கட்டளையில் எழுதுவது நேரடி முறை: அங்குள்ள பைட்டை ஏ-க்குக் கொண்டுவரும் 'எல்டிஏ 2050எச்' மூன்று பைட் இடம் பிடித்து 13 துடிப்புகள் எடுக்கும். நினைவகத்தில் முகவரியின் கீழ்ப் பாதியே முதலில் அமர்வதால், கையால் பதினறும எண்களாக மாற்றுபவர்கள் 50, 20 என்ற வரிசையில் உள்ளிட வேண்டும். ஏ-யின் பிட்டுகளைத் தலைகீழாக்கும் 'சிஎம்ஏ' போன்றவற்றில் செயலேற்பியே எழுதப்படாது. ஏ பதிவகம் என்பது உள்ளுறையாகவே புரிந்துகொள்ளப்படும்.

நிதானமாகக் கற்க வேண்டியது பதிவக மறைமுக முறை. எம் என்ற எழுத்து ஒரு பதிவகத்தைக் குறிப்பதில்லை. எச், எல் இரண்டும் சேர்ந்து சுட்டும் 16 பிட் முகவரியில் உள்ள பைட்டைக் குறிக்கிறது. 'எம்ஓவி ஏ, எம்' ஒரே பைட்டில், 7 துடிப்புகளில் முடிகிறது. வேகத்தைவிடப் பெரிய பயன் வேறு: நேரடி முறையில் முகவரி நிரலோடு உறைந்துவிடுகிறது, இங்கோ அதை ஓடும்போதே நகர்த்தலாம். 'எம்ஓவி எம், எம்' என்று மட்டும் எழுத முடியாது. அதற்குரிய 76 என்ற குறியீடு நிறுத்தக் கட்டளைக்கு வழங்கப்பட்டிருக்கிறது.

2050எச் முகவரியில் எண்ணிக்கையும் அதற்கடுத்த இடங்களில் எண்களும் இருக்கின்றன என்று கொண்டு, அவற்றின் கூட்டுத்தொகையை 2070எச் முகவரியில் வைக்கும் நிரல் இது:

எல்எக்ஸ்ஐ எச், 2050எச்
எம்ஓவி சி, எம் ; எண்ணிக்கை
எக்ஸ்ஆர்ஏ ஏ ; ஏ = 0
சுற்று: ஐஎன்எக்ஸ் எச் ; அடுத்த முகவரி
ஏடிடி எம் ; ஏ-யுடன் கூட்டு
டிசிஆர் சி ; எண்ணிக்கையில் 1 குறை
ஜேஎன்இசட் சுற்று ; பூஜ்ஜியம் இல்லையெனில் சுற்றுக்குத் திரும்பு
எஸ்டிஏ 2070எச் ; ஏ-யைச் சேமி
எச்எல்டி ; நிறுத்து

மொத்தம் 15 பைட். சுற்று ஒருமுறை திரும்ப 6, 7, 4, 10 என 27 துடிப்புகள் ஆகின்றன. 3 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் அது 9 மைக்ரோவிநாடி. முதல் வரியில் வரும் எச் என்பது எச்-எல் இணையைக் குறிக்கிறது. எல்எக்ஸ்ஐ, ஐஎன்எக்ஸ், டிசிஎக்ஸ் ஆகிய பெயர்களில் உள்ள எக்ஸ், பதிவக இணையைக் கையாள்கிறோம் என்பதற்கான அடையாளம். கூட்டுத்தொகை 255ஐத் தாண்டினால் மிகுதி இந்த நிரலில் தொலைந்துபோகும். எண்ணிக்கை 0 என்று கொடுக்கப்பட்டால் டிசிஆர் அதை 255 ஆக்கிவிடுவதால் சுற்று 256 முறை ஓடும். அந்த வாய்ப்பு இருந்தால் சுற்றுக்குள் நுழையும் முன்பே சோதித்துவிட வேண்டும்.

எண்ணிக்கை 256ஐ மீறும்போது சி-க்குப் பதிலாக பி-சி இணையை வைத்து 'டிசிஎக்ஸ் பி' எழுதத் தோன்றும். ஆனால் ஐஎன்எக்ஸ், டிசிஎக்ஸ் இரண்டும் எந்தக் கொடியையும் (கணக்கின் விடை பூஜ்ஜியமா என்பது போன்றவற்றைக் காட்டும் பிட்) மாற்றுவதில்லை என்பதால், அடுத்து வரும் ஜேஎன்இசட் பார்ப்பது அதற்கு முந்தைய கூட்டல் விட்டுச்சென்ற பழைய கொடியைத்தான். சரியான வழி, 'எம்ஓவி ஏ, பி', 'ஓஆர்ஏ சி' என இரண்டு வரிகளைச் சேர்த்து, இரு பாதிகளும் பூஜ்ஜியமா என்று பார்ப்பது. அந்தச் சோதனை ஏ பதிவகத்தில் இருக்கும் கூட்டுத்தொகையை அழித்துவிடுமாகையால், ஒவ்வொரு கூட்டலுக்குப் பிறகும் அதை டி பதிவகத்துக்கு மாற்றிவைத்து, அடுத்த கூட்டலுக்கு முன் திரும்ப எடுக்க வேண்டும். அப்போது தொடக்கத்தில் டி பதிவகத்தையும் பூஜ்ஜியமாக்குவதும், இறுதியில் எஸ்டிஏ-வுக்கு முன் 'எம்ஓவி ஏ, டி' சேர்ப்பதும் அவசியம்.