டிமென்ஷியாவுக்கு உதவி தேடும்போது நம்ம வீடுகள்ல நடக்குற தவறுகள்

இந்தியாவுல 60 வயசு தாண்டினவங்கள்ல சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா (மூளை பாதிச்சு ஞாபகமும் யோசிக்கிற திறனும் குறைஞ்சுட்டே போற நோய்) இருக்கும்னு 2023ல வந்த ஒரு ஆய்வு கணக்கு போட்டிருக்கு. நூத்துக்கு ஏழு பேருக்கு மேல. ஆனா டாக்டர், பகல்ல மட்டும் விட்டு பாத்துக்குற டே கேர், தங்கவச்சு பாத்துக்குற ஹோம்னு போறவங்க ரொம்ப கம்மி, அதுவும் வீட்ல எல்லாரும் நொந்து போனப்புறம்தான் கிளம்புறாங்க. வசதிகள் குறைவுதான், சென்னை கோவை தாண்டினா இன்னும் குறைவு, மறுக்கல. ஆனா இருக்குறதையும் லேட்டா போய் கோட்டை விடுறோம், அதுதான் எனக்கு ஆதங்கம்.

முதல்ல அந்த "வயசானா மறதி வரத்தான் செய்யும்". சாவிய எங்க வச்சோம்னு தேடுறது வேற, நாப்பது வருஷமா ரசம் வச்ச கை புளி கரைச்சப்புறம் அடுத்து என்னன்னு தெரியாம நிக்கிறது வேற. பி12 குறைவு, தைராய்டு, கீழ விழுந்து தலைக்குள்ள ரத்தம் கட்டுறது, டிப்ரெஷன், இதெல்லாம் பாக்க டிமென்ஷியா மாதிரியே இருக்கும், சரி பண்ணவும் வாய்ப்பு இருக்கு, ரெண்டு வருஷம் சும்மா இருந்துட்டா அந்த வாய்ப்பு குறைஞ்சுடும். ரெண்டு மூணு நாள்ல திடீர்னு குழம்பிட்டாங்கன்னா யூரின் இன்ஃபெக்ஷனா கூட இருக்கலாம், அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க.

அடுத்தது ஓபில நடக்குற கூத்து. வீட்ல ராத்திரி பூரா கதவ தட்டினவர் டாக்டர் முன்னாடி "நல்லா இருக்கேன் சார், சாப்டாச்சு"ன்னு சிரிச்சுட்டு உக்காந்திருப்பாரு. கூட போன பையன் காலைல வேலைக்கு போயிட்டு ராத்திரி வர்றவரு, அவருக்கு பாதி தெரியாது. குளிக்க வைக்கிறது, தேடி அலையுறது, திட்டு வாங்குறது எல்லாம் மருமகள், அவங்க வீட்ல இருப்பாங்க. தயவுசெஞ்சு கூடவே இருந்து பாக்குறவங்கள கூட்டிட்டு போங்க. எப்போ ஆரம்பிச்சுது, என்னென்ன மாறுச்சுன்னு ஒரு பேப்பர்ல எழுதிக்கோங்க, போன்ல சின்ன வீடியோ எடுத்துக்கோங்க, சாப்பிடுற எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு பையில போட்டு கொண்டு போங்க.

மனநல டாக்டர்னாலே "எங்கப்பா என்ன பைத்தியமா"ன்னு கோவப்படுறது இன்னொரு தடை. நரம்பு டாக்டர், மனநல டாக்டர், முதியோர் நல டாக்டர் மூணு பேருமே இத பாப்பாங்க. மாவட்ட தலைமை ஆஸ்பத்திரில மனநலப் பிரிவு இருக்கும், சென்னை கிண்டில 2024ல திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனையே 200 படுக்கையோட இருக்கு, ஸ்கார்ஃப்ங்கிற மனநல அமைப்போட டெம்கேர்ஸ் சேவை டிமென்ஷியாவுக்குன்னே நடக்குது. டிமென்ஷியாவுக்கு குடுக்குற டோனெபெசில் மாதிரி மாத்திரை எழுதி குடுத்தா அதோட வேலை முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க, அது நோய குணமாக்காது. "வீட்ல எப்படி பாத்துக்குறது, யார்கிட்ட போகணும்"னு நீங்களே வாய விட்டு கேளுங்க, கேக்கலன்னா பல இடத்துல சொல்ல மாட்டாங்க.

இப்ப பெரிய விஷயம். ஒண்ணு நாமளே பாக்கணும், இல்லன்னா "ஹோம்ல தள்ளிட்டாங்க"ன்னு சொந்தக்காரங்க பேசுவாங்கன்னு ரெண்டே வழிதான் இருக்குன்னு நம்புறோம். நடுவுல டே கேர் இருக்கு, பகல் மட்டும் அட்டெண்டர் வைக்கலாம். கீழ விழுந்து படுத்தப்புறம் முதல் தடவையா அட்டெண்டர் வந்தா அவங்க கைய தட்டி விடுவாங்க, சாப்பாட்ட துப்புவாங்க. ஆரம்பத்துலயே தினம் ரெண்டு மணி நேரம், "சமையலுக்கு உதவ வந்திருக்காங்கம்மா"ன்னு பழக்கிட்டா அந்த முகம் அவங்களுக்கு ஒட்டிக்கும். ஹோம்ல சேக்குறதா இருந்தா சாதாரண முதியோர் இல்லத்துல டிமென்ஷியாவ மறைச்சு சேக்காதீங்க, ஒரே வாரத்துல திருப்பி அனுப்புவாங்க. ராத்திரி எத்தன பேருக்கு ஒரு ஆள், வெளிய போய்டாம எப்படி பாத்துக்குறீங்கன்னு நேர்ல போய் கேளுங்க, முடிஞ்சா சாயங்காலம் போங்க, குழப்பம் அதிகமாகுற நேரம் அதுதான்.

பணம், கையெழுத்து விஷயத்துலதான் நிறைய பேர் மாட்டுறாங்க. அவருக்கு பதிலா கையெழுத்து போடுற பவர் (பவர் ஆஃப் அட்டர்னி) எழுதி வாங்கியாச்சு, இனி கவலையில்லன்னு இருப்பாங்க, ஆனா நம்ம ஊர் சட்டப்படி எழுதிக் குடுத்தவரோட சுயபுத்தி போயிட்டா அந்த பவர் செல்லாது. அப்புறம் ஹோமுக்கு பணம் கட்ட அவரோட சொந்த டெபாசிட்ட கூட எடுக்க முடியாம கோர்ட்டுக்கு அலையணும். அவர் தெளிவா, சம்மதிக்கிற நிலைமைல இருக்குறப்பவே பேங்க் கணக்க யாராவது ஒருத்தர் இயக்குற மாதிரி ஜாயிண்ட்டா மாத்திக்கோங்க, நாமினி போடுங்க, உயில் எழுதணும்னா அப்பவே எழுதட்டும். 70 வயசு தாண்டினவங்களுக்கான ஆயுஷ்மான் கார்டு ஆஸ்பத்திரில அட்மிட் ஆனா 5 லட்சம் வரைக்கும் உதவும், அட்டெண்டர் சம்பளத்துக்கு வராது, அத முன்னாடியே கணக்கு போட்டு வைங்க. ஊனமுற்றோர் சான்றிதழ நிறைய பேர் கேக்குறதே இல்ல. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல இருக்குற 21 வகைல டிமென்ஷியான்னு பேர் இல்லாட்டியும் மனநோய்ங்கிற வகைல வாங்கலாம், 40 சதவீதமோ அதுக்கு மேலயோ வந்தா வருமான வரியில பழைய வரி முறைய எடுத்திருந்தா கழிவு கிடைக்கும்.

எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியலன்னா முதியோர் உதவி எண் 14567க்கு போன் போடுங்க, காலைல எட்டுலேருந்து ராத்திரி எட்டு வரைக்கும் எடுப்பாங்க, காசு கிடையாது. படுத்த படுக்கையா இருக்குறவங்களுக்கு உங்க ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்துல மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்து ஆளுங்கள கேளுங்க, வீட்டுக்கே வருவாங்க.