போக்கரைத் தொழிலாக எடுக்குமுன்: முதலில் நோட்டு, பிறகு சீட்டு

நீலகிரியில் உட்கார்ந்துகொண்டு போனில் போக்கர் என்னும் பணச் சீட்டாட்டம் ஆடிச் சம்பாதிக்க இப்போது சட்டத்தில் வழியில்லை. 2025 ஆகஸ்டில் நிறைவேறிய மத்தியச் சட்டம், திறமை ஆட்டமா அதிர்ஷ்ட ஆட்டமா என்று பிரிக்காமல், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்கிறது. வெளிநாட்டுத் தளம் என்று யாராவது லிங்க் அனுப்பினால் தொடாதீர்கள். போட்ட பணம் முடங்கினால் கேட்க நாதியில்லை. நேரில் ஆட நமக்குப் பக்கம் கோவாவில் உரிமம் பெற்ற கேசினோக்கள்தான். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும்.

முதலில் ஒரு நீள நோட்டு வாங்குங்கள். தேதி, ஆட்டம், நுழைவுத்தொகை, ஆடிய மணி நேரம், வந்த பணம், வழிச்செலவு, அறை வாடகை என்று பத்தி பிரியுங்கள். கடைசி இரண்டையும் எழுதாமல் விடுபவர்களே அதிகம். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கி, கோவை வழியாகக் கோவா போய்த் திரும்ப 8,000 ரூபாய் ஆகிறது என்று வையுங்கள். 10,000 ரூபாய் டோர்னமென்ட் ஒன்றுக்காகப் போனால் அதன் அசல் விலை 18,000. எட்டு ஆட்டம் கொண்ட தொடருக்குப் போனால் ஆட்டத்துக்கு 11,000; வாடகை தனி. ஒற்றை ஆட்டத்துக்காக மலை இறங்கவே கூடாது.

அடுத்தது வரி. சீட்டாட்டத்தில் ஜெயித்த பணத்துக்கு 30 சதவீதம், அந்த வரியின்மேல் 4 சதவீத செஸ் என்னும் கூடுதல் வரி, ஆக 31.2 சதவீதம். தோற்றதை இதில் கழிக்க விடமாட்டார்கள். வருடத்தில் ஒரு பரிசு 2 லட்சம், மற்ற ஆட்டங்களில் போனது 1.5 லட்சம் என்றால் கையில் நிற்பது 50,000. வரியோ 62,400. ஜெயித்தும் 12,400 நஷ்டம். வேலையை விடுமுன் இந்தக் கணக்கை உங்கள் எண்களை வைத்துப் போட்டே ஆகவேண்டும்.

ஆட்டத்துக்கென ஒதுக்கும் முதல், குறைந்தது 100 ஆட்டங்களின் நுழைவுத்தொகை அளவு இருக்கட்டும். ஆறு மாத வீட்டுச் செலவு அதில் சேராமல் தனிக் கணக்கில். டோர்னமென்டில் ஏழெட்டுப் பேருக்கு ஒருவர்தான் பரிசு பெறுவார், பெரிய தொகை முதல் சில இடங்களுக்கே போகும். நன்றாக ஆடுபவரும் தொடர்ந்து இருபது ஆட்டம் வெறுங்கையோடு எழுவது சாதாரணம். கேத்தியில் நல்ல கேரட் போட்டவருக்கும் மேட்டுப்பாளையம் மண்டியில் விலை படுத்துவிடும் நாள் உண்டல்லவா, அதுபோலத்தான்.

மேசைக் கணக்கை வீட்டிலேயே பழகலாம். மழை நாளில் நாலு பேர் சட்டைப் பொத்தான்களைச் சிப்பாக (பணத்துக்குப் பதில் வைக்கும் வில்லை) வைத்து, பணமில்லாமல் ஆடுங்கள். ஒரு கை: உங்களிடம் இரண்டு ஆர்ட்டின், மேசையில் எல்லோருக்கும் பொதுவாகத் திறந்த நாலு சீட்டில் இரண்டு ஆர்ட்டின், இன்னும் ஒரு சீட்டு திறக்க வேண்டும். அதுவும் ஆர்ட்டினாக விழுந்தால் ஃப்ளஷ், அதாவது ஒரே ஜாதியில் ஐந்து சீட்டு. தெரியாத 46 சீட்டில் 9 உங்களுக்கு உதவும்: 19.6 சதவீதம். மேசை நடுவில் சேர்ந்த பந்தயப் பணம் 1,000 இருக்க, எதிராளி 500 வைக்கிறார். 500 போட்டு 1,500 பிடிக்கப் பார்க்கிறீர்கள். சேரும் 2,000-ல் உங்கள் பங்கு 500, அதனால் ஜெயிக்கும் வாய்ப்பு 25 சதவீதமாவது வேண்டும். ஃப்ளஷ் விழுந்தபின் அவரிடமிருந்து சராசரியாக இன்னும் 560 ரூபாயாவது வரும் என்று நம்ப இடமிருந்தால்தான் ‘கால்’ (அதே தொகையைப் போட்டுத் தொடர்வது), இல்லையென்றால் ‘ஃபோல்டு’ (சீட்டைக் கவிழ்த்து விலகுவது). அவர் 250 மட்டும் வைத்தால் தேவை 16.7 சதவீதம்தான், தயங்காமல் ‘கால்’. யோசிக்காமல் விடை வரும்வரை தொகையை மாற்றி மாற்றிப் போடுங்கள்.

பெரும்பாலும் கவிழ்வது சூடேறியபிறகுதான். விட்டதைப் பிடிக்கப் பெரிய மேசைக்கு ஏறுவது, நகை அடகு, கைமாற்று, இலவசமாக வரும் மது. கேஷ் மேசையில் (டோர்னமென்ட் அல்லாமல் சிப்பை நேரடிப் பணமாக வைத்து ஆடும் மேசை) இரண்டு முறை வாங்கிய சிப்பும் போனால் அன்றைக்கு எழுந்துவிடுங்கள். ஏடிஎம் அட்டையை அறையிலேயே வைத்துவிட்டுப் போனால் இது சுலபம். எழ நினைத்தும் முடியவில்லை, வீட்டில் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு 14416-க்கு அழையுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம்.